வீட்டில் ஸ்கிராப்புக் பக்கம் அச்சிட எந்தத் தாள் வாங்குவது?

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு ஸ்கிராப்புக், அதாவது படமும் எழுத்தும் அலங்காரமும் கம்ப்யூட்டரில் அடுக்கி அச்சிடும் ஒரு ஆல்பம், செய்து கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். முதல் பக்கத்துக்கே மூன்று இரவு ஆனது. ஓரத்தில் மல்லிகைச் சரம், நடுவில் பாட்டியும் சின்ன வயது அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், கீழே பாட்டி கைப்பட எழுதிய இன்லண்ட் லெட்டரின் ஸ்கேன். கடையில் போய், "நல்ல கனமா, பளபளன்னு ஒரு பேப்பர் குடுங்க" என்று கேட்டேன். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் ஒரு கட்டு கொடுத்தார்கள். பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எடுத்தபோது கட்டைவிரல் பட்ட இடத்தில் பாட்டியின் கன்னம் சாம்பல் நிறக் கோடாக இழுபட்டுப் போனது. 10 மணி நேரம் கழித்தும் இங்க் காயவே இல்லை.

தாளின்மேல் குற்றமில்லை. கடைக்காரரும் நான் கேட்டதைத்தான் கொடுத்தார். அது ஆர்ட் கார்டு. ஆஃப்செட் அச்சகத்துக்கும், டோனர் போட்டு அச்சிடும் பெரிய மெஷின்களுக்கும் என்று செய்யப்படுவது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் அதில்தான் அடிக்கிறார்கள். ஆஃப்செட் மை எண்ணெய்ப் பசை மாதிரி. டோனர் என்பது சூட்டில் உருகி ஒட்டும் தூள். நம் வீட்டு இங்க்ஜெட்டின் மையோ பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ள ஆர்ட் கார்டின் வழவழப்பான மேற்பரப்பில் இடம் கிடையாது. மை மேலேயே குளம் கட்டி நிற்கும்.

வீட்டில் அச்சிடப் புதிதாகக் கிளம்பும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: கனத்தையும் பளபளப்பையும் பிறகு பார்க்கலாம், தாளின்மேல் என்ன பூச்சு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பிரிண்டரிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் பிரிண்டரைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். லேசரா, இங்க்ஜெட்டா என்பது முதல் கேள்வி. கலர் லேசர் வைத்திருந்தால் மேலே சொன்ன ஆர்ட் கார்டும், அதன் மெல்லிய வகையான ஆர்ட் பேப்பரும் உங்களுக்குச் சரியாக வரும், பிரிண்டரின் கையேட்டில் சொன்ன கனத்தைத் தாண்டாத வரை. ஆனால் இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் ஒருபோதும் போடாதீர்கள். லேசருக்குள் டோனரை உருக்கும் உருளை ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சுழல்கிறது. போட்டோ பேப்பரின் பிளாஸ்டிக் படலம் அந்தச் சூட்டில் இளகி உருளையில் ஒட்டிக்கொண்டால் ரிப்பேர் செலவு பெரிதாகிவிடும். இங்கிருந்து கீழே எழுதுவதெல்லாம் இங்க்ஜெட்டுக்கு, அதாவது நம் வீடுகளில் அதிகம் இருக்கும் இங்க் டேங்க் வகைக்கு.

அடுத்து, தாள் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பின்பக்கம் மேலிருந்து தாள் சொருகும் பிரிண்டரில் தாள் அதிகம் வளையாமல் இறங்கி முன்னால் வந்துவிடும். முன்பக்கம் அடியில் ட்ரே உள்ள பிரிண்டரில் தாள் உருளையைச் சுற்றி ஒரு யூ திருப்பம் எடுத்துத்தான் வெளியே வரும். அந்த வளைவில் கனமான தாள் சிக்கும், இல்லையென்றால் நிரந்தரமாகச் சுருண்டுவிடும். முன் ட்ரே மட்டும் உள்ளவர்கள் 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்பது என் அனுபவம். கையேட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

இங்க் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். டை, பிக்மெண்ட் என்று இரண்டு வகை உண்டு. டை என்பது காபி டிகாக்‌ஷன் மாதிரி நீரில் முழுதாகக் கரைந்த நிறம். பிக்மெண்ட் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய நிறத் துகள். வீட்டு டேங்க் பிரிண்டர்களில் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் பெரும்பாலும் டைதான். கறுப்பு மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். உதாரணமாக கேனன் ஜி3010-ல் கறுப்பு பிக்மெண்ட், மற்றவை டை. இது ஏன் முக்கியம் என்றால், பிக்மெண்ட் கறுப்பு கிளாஸி, அதாவது பளபளப்பான தாளில் சரியாகப் பிடிக்காது. அதனால் இந்த வகைப் பிரிண்டரில் கிளாஸி என்று தேர்ந்தெடுத்த உடனே கறுப்பு டேங்க்கை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்று நிறத்தையும் கலந்து ஒரு கறுப்பை உண்டாக்கும். படத்துக்கு அது போதும். பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் சின்ன எழுத்துக்குப் போதாது. எழுத்தின் விளிம்பில் லேசாக நிறம் தெரியும், கூர்மை குறையும். ஸ்கிராப்புக்கில் எழுத்துதானே பாதி உயிர்.

அளவு: 12-க்கு 12 என்ற ஆசை

இணையத்தில் கிடைக்கும் ஸ்கிராப்புக் டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை 12-க்கு 12 அங்குலம். இந்தக் கலை அமெரிக்காவில் ஆல்பக் கடைகளோடு சேர்ந்து வளர்ந்தது, அங்கே நிலைத்துவிட்ட அளவு அது. நம் வீட்டு ஏ4 பிரிண்டரில் அந்த அளவு வராது. 13-க்கு 19 அங்குலம் எடுக்கும் ஏ3 பிளஸ் பிரிண்டர் வேண்டும். அதற்காக யாரும் உடனே பெரிய பிரிண்டர் வாங்க வேண்டியதில்லை.

8-க்கு 8 அங்குலமாகச் சுருக்கி அச்சிடுங்கள். ஏ4-ன் அகலம் 210 மில்லிமீட்டர், 8 அங்குலம் என்பது 203.2. இரண்டு பக்கமும் 3.4 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும். பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் விடும் ஓர இடைவெளிக்கு அது சரியாகப் போதும். அதனால் பார்டர்லெஸ் (ஓரம் விடாமல் அச்சிடும்) வசதி இல்லாத பிரிண்டரிலும் ஓரம் வரை நிறம் நிரம்பிய பக்கம் கிடைத்துவிடும், வெட்டினால் போதும். கீழே 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பட்டை மிஞ்சும். அதை நான் குப்பையில் போடுவதில்லை. பெயர்ச் சீட்டு, தேதிச் சீட்டு, அடுத்த பக்கத்தின் நிறச் சோதனை எல்லாம் அந்தப் பட்டையில்தான் அச்சாகும்.

டெம்ப்ளேட் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600 பிக்சலுக்கு 3600 என்று இருந்தால், 8 அங்குலத்துக்குச் சுருக்கும்போது அங்குலத்துக்கு 450 பிக்சல் வரும். தெளிவில் குறையே வராது. எழுத்து மட்டும் மூன்றில் இரண்டு பங்காகிவிடும் என்பதை மறக்காதீர்கள். 9 பாயிண்டில் அடித்தது 6 பாயிண்டாகிவிடும். ஆங்கில எழுத்து அந்த அளவில் எப்படியோ தப்பித்துவிடும். நம் ஞ, ணு, கூ, ஜி எல்லாம் சுழியும் கொக்கியுமாக இருப்பதால் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டு ஒரு பொட்டு மாதிரி ஆகிவிடும். டெம்ப்ளேட்டில் 14 பாயிண்டுக்குக் கீழே தமிழ் எழுதாதீர்கள்.

பூச்சு என்றால் என்ன

இங்க்ஜெட் ஒரு முறை துப்பும் துளி சில பிக்கோலிட்டர்தான். ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்தத் துளி தாளில் விழுந்ததும் விழுந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அதே சமயம் அதிலுள்ள தண்ணீர் உடனே உள்ளே போக வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் துளி நார்களின் வழியே பக்கவாட்டில் ஓடும். வெள்ளை வேட்டியில் மை சிந்தினால் பரவுகிற மாதிரிதான். விளிம்பு மங்கும், நிறம் உள்ளே இறங்கிச் சோகையாகத் தெரியும், தாள் நனைந்து அலை அலையாக நெளியும்.

இங்க்ஜெட்டுக்கான தாளின் மேல் சிலிக்கா போன்ற நுண்ணிய பொடியை ஒரு பசையோடு சேர்த்து மெல்லிய அடுக்காகப் பூசியிருப்பார்கள். பொடிகளுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துவாரங்கள். துளி விழுந்ததும் தண்ணீர் துவாரத்தில் இறங்கிவிடும், நிறம் மேலேயே தங்கிவிடும். படம் பளிச்சென்று தெரிவது இதனால்தான். விரல் நுனியை லேசாக ஈரப்படுத்தி தாளின் ஒரு மூலையில் வைத்து எடுத்துப் பாருங்கள். பூச்சு இருக்கும் பக்கம் விரலில் சற்றே ஒட்டும். எந்தப் பக்கம் அச்சிடுவது என்ற சந்தேகத்துக்கும் இதே சோதனைதான். பின்னால் சொருகும் பிரிண்டரில் அந்தப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். முன் ட்ரேயில் பெரும்பாலும் கீழே பார்த்து இருக்க வேண்டும்.

கடையில் கிடைப்பதை நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்.

பூச்சே இல்லாதவை: ஜெராக்ஸ் தாள், பாண்ட் பேப்பர், கலர் கார்டுஸ்டாக், சார்ட் அட்டை, கைவினைக் காகிதம். வரைவு பார்க்க ஜெராக்ஸ் தாள் போதும். பாண்டிச்சேரியில் கிடைக்கும் கைவினைக் காகிதம் பூ இதழும் நாருமாக மனதை இழுக்கும். நானும் இழுபட்டிருக்கிறேன். நார் உதிர்ந்து பிரிண்டருக்குள் போகும், மையும் பரவும். அதை அச்சிடாமல், அச்சிட்ட பக்கத்தை ஒட்டும் அடித்தாளாக வைத்துக்கொண்டால் அருமையாக இருக்கும்.

மேட் பூச்சுத் தாள்: பளபளப்பு இருக்காது, கையில் சாக்பீஸ் மாதிரி மென்மையாக இருக்கும். 108-லிருந்து 230 ஜிஎஸ்எம் வரை கிடைக்கிறது. இரண்டு பக்கமும் பூச்சு உள்ளதும் உண்டு.

காஸ்ட் கோட்டட் கிளாஸி: கடையில் வெறுமனே "போட்டோ பேப்பர்" என்று கேட்டால் விலை குறைந்த கட்டாக வருவது பெரும்பாலும் இதுதான். 130, 180, 230 ஜிஎஸ்எம். முன்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும், பின்பக்கம் சாதாரணத் தாள்.

ஆர்சி எனப்படும் ரெசின் கோட்டட்: ஸ்டுடியோவில் கழுவித் தரும் போட்டோவின் அதே உடம்பு. தாளின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் மேல் மை வாங்கும் பூச்சு. பெரும்பாலும் 260, 270 ஜிஎஸ்எம். கிளாஸியாகவும் கிடைக்கும், லேசான சொரசொரப்போடு லஸ்டர், சாட்டின் என்ற பெயரிலும் கிடைக்கும். எவ்வளவு மை கொட்டினாலும் தாள் நெளியாது. காஸ்ட் கோட்டடா ஆர்சியா என்று தெரியாவிட்டால் பின்பக்கம் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். ஊறினால் காஸ்ட் கோட்டட், முத்து மாதிரி நின்றால் ஆர்சி.

பருத்தியில் செய்த விலை உயர்ந்த ஆர்ட் தாள்களும் இருக்கின்றன. அவை பிக்மெண்ட் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு. தொடக்கத்தில் தேவையில்லை.

மேட்டா, கிளாஸியா

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது: டிஜிட்டல் ஸ்கிராப்புக் பக்கத்துக்கு மேட்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்தப் பக்கங்களில் நாம் என்ன செய்கிறோம்? துணி, நூல் தையல், கிழித்த காகிதம், பித்தளைப் பொத்தான், காய்ந்த பூ இவற்றின் படத்தைத் தாள்மேல் வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மெல்லிய நிழல் கொடுத்து, உண்மையிலேயே ஒட்டியது மாதிரி காட்டுகிறோம். மேட் தாளில் அந்த நிழலைக் கண் நம்பிவிடும். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் பொத்தானைத் தடவிப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கிளாஸியில் ட்யூப்லைட்டின் வெளிச்சம் பக்கம் முழுவதும் ஒரே கண்ணாடியாக வழுக்கிக்கொண்டு போகும். நூலும் துணியும் பூவும் ஒரே மட்டத்தில் இருப்பது அந்தக் கணமே தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஆல்பம் பத்துப் பேர் கையில் போகிற பொருள். கிளாஸியில் விரல் ரேகை அப்படியே பதியும். மேட்டில் தெரியாது. அம்மாவோ பெரியம்மாவோ பக்க ஓரத்தில் நாலு வரி கையால் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டால், மேட்டில் பால்பாயிண்டும் ஜெல் பேனாவும் எழுதும். கிளாஸியில் ஜெல் பேனா இழுபடும்.

கிளாஸி ஜெயிக்கும் இடமும் உண்டு. அடர்ந்த கறுப்பு, கருநீலப் பின்னணி, பட்டுப்புடவையின் அரக்கு, விளக்கு வெளிச்சத்தில் எடுத்த முகூர்த்தப் படம், இவை மேட்டில் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். கிளாஸியிலோ லஸ்டரிலோதான் அந்த ஆழம் வரும். ஒரே பெரிய படம் பக்கம் முழுக்க நிற்கும் இடத்தில் நான் லஸ்டர் போடுகிறேன். மற்றதெல்லாம் மேட். ஒரே ஆல்பத்தில் இரண்டும் கலந்தால் ஒன்றும் ஆகாது, அந்தப் பெரிய படம் தனியாக எடுபடத்தான் செய்யும்.

தாளின் வெள்ளையையும் கவனியுங்கள். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. பக்கத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் தெரிவது தாளின் நிறம். தந்த நிறத் தாளில் அச்சிட்டால் என் மல்லிகைச் சரம் மஞ்சளடிக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அதே தந்த நிறம் அவ்வளவு பொருந்தும். கடையில் கண்ணைப் பறிக்கும் நீலம் கலந்த வெள்ளை, தாளில் சேர்க்கும் ஒளியூட்டி ரசாயனத்தால் வருவது. காலப்போக்கில் அதன் வேலை குறைந்து தாள் தன் இயல்பான நிறத்துக்குத் திரும்பிவிடும். நீண்ட நாள் வைக்கும் ஆல்பத்துக்கு அதிகம் பளிச்சிடாத வெள்ளையே நல்லது.

ஜிஎஸ்எம் கணக்கு

ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஒரு சதுர மீட்டரில் சரியாக 16 ஏ4 தாள் அடங்கும். அதனால் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். கட்டின்மேல் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க சமையலறைத் தராசு போதும். 10 தாளை நிறுத்து, வரும் கிராமை 1.6-ஆல் பெருக்குங்கள். 10 தாள் 112 கிராம் இருந்தால் அது 180 ஜிஎஸ்எம். நான் ஒருமுறை 230 என்று எழுதிய கட்டை நிறுத்தபோது கணக்கு 200-ஐத் தொடவில்லை. அதிலிருந்து புதுக் கட்டு வந்தால் தராசுக்குப் போகாமல் பிரிண்டருக்குப் போவதில்லை.

எவ்வளவு வேண்டும்? பக்கத்தை ஆல்பத்தின் பிளாஸ்டிக் பாக்கெட்டில் செருகப் போகிறீர்களா, 170 முதல் 180 போதும். பாக்கெட்டே தாங்கிக்கொள்ளும். பாக்கெட் இல்லாமல் துளையிட்டுக் கோக்கப் போகிறீர்களா, 220, 230 வேண்டும். அடித்தாளில் ஒட்டப் போகிறீர்களா, 108-லிருந்து 130 வரையே நல்லது, கனம் கூடினால் ஆல்பம் மூடாது. 230 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன். 40 தாள் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர். வாங்கிய பைண்டரின் முதுகை அளந்துவிட்டுப் பக்க எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

இரண்டு பக்கமும் அச்சிடுவதானால் இரு பக்கப் பூச்சு என்று கட்டின்மேல் எழுதியிருக்க வேண்டும், கனமும் 200-க்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் பின்பக்கத்துக் கறுப்பு, முன்பக்க முகத்தில் நிழலாடும்.

வாங்கும்போது

சென்னையில் இருப்பவர்களுக்கு பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு இருக்கிறது. தாள் மொத்தக் கடைகள் வரிசையாக உள்ள இடம். ஆசையாகப் போய்ப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள், அடித்தாளுக்கும் அட்டைக்கும் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே கிடைப்பதில் பெரும்பங்கு அச்சகத்துக்கான தாள். அச்சிடும் தாளைக் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இங்க்ஜெட்டுக்கு, மேட் கோட்டட், ஏ4, 170-லேர்ந்து 230-க்குள்ள. ஆர்ட் பேப்பர் வேணாம்." கடைசி மூன்று வார்த்தையை விட்டுவிடாதீர்கள். கட்டின்மேல் இங்க்ஜெட் என்ற சொல் எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

முதல் முறை 100 தாள் கட்டு வேண்டாம். 20 தாள் கட்டாக இரண்டு வகை வாங்குங்கள்: ஒரு மேட், ஒரு லஸ்டர் அல்லது கிளாஸி. பிரிண்டர் கம்பெனியே விற்கும் தாள் விலை கூடுதல்தான். ஆனாலும் அதில் ஒரு சிறிய கட்டு வீட்டில் இருப்பது நல்லது. நிறம் தப்பாக வரும்போது தவறு தாளிலா, செட்டிங்கிலா, பிரிண்டரிலா என்று கண்டுபிடிக்க அதுதான் உரைகல்.

ஒரு சோதனைத் தாள்

எந்தப் புதுத் தாள் வந்தாலும் நான் முதலில் ஒரே சோதனைப் படத்தைத்தான் அச்சிடுவேன். மிஞ்சும் அந்த 9 சென்டிமீட்டர் பட்டையில் அடங்குகிற மாதிரி அதைச் செய்துகொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: உங்கள் வீட்டு முகம் ஒன்று, நேரில் நிறம் நன்றாகத் தெரிந்தவருடையதாக. கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் ஒரு பட்டை. "ஞாயிறு, கூண்டு, ஜிமிக்கி" என்று 6, 8, 10 பாயிண்டில் மூன்று வரி. கருநீலச் சதுரம் ஒன்று. நிழலோடு ஒரு வெள்ளைப் பூ.

அச்சிட்டதும் பகலில் ஜன்னலோரம் வைத்து ஒரு தடவை பாருங்கள், இரவில் வீட்டு விளக்கில் ஒரு தடவை. கருநீலச் சதுரத்தில் மணல் தூவிய மாதிரி புள்ளி தெரிந்தால் மை சரியாக இறங்கவில்லை. சுழிகள் அடைபட்டால் மை பரவுகிறது. அரை மணி கழித்து விரலால் தேயுங்கள். ஒரு சொட்டு தண்ணீர் விட்டு ஒற்றி எடுங்கள். டை மை மேட் தாளில் தண்ணீர் பட்டால் கலங்கும், அது இயல்பு. எவ்வளவு கலங்குகிறது என்பதுதான் கேள்வி. முகம் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால், நாலு நிறப் பிரிண்டரின் எல்லை அது. எப்சன் எல்8050 போன்ற ஆறு நிறப் பிரிண்டர்களில் வெளிர் நீலமும் வெளிர் சிவப்பும் தனியாக இருப்பதால் தோல் நிறம் வழுவழுப்பாக வரும். நாலு நிறத்தில் அச்சிடுகிறவர்களுக்கு மேட் தாள் அந்தப் புள்ளிகளைக் கொஞ்சம் மறைத்து உதவும்.

செட்டிங்கில் ஒரு சொல்

பேப்பர் டைப் என்ற ஒரு வரியைத்தான் பலரும் தொடாமல் விடுகிறார்கள். எவ்வளவு மை துப்ப வேண்டும் என்று பிரிண்டர் முடிவு செய்வது அதை வைத்துத்தான். நல்ல கிளாஸி தாளைப் போட்டுவிட்டு பிளெய்ன் பேப்பர் என்று விட்டுவிட்டால் படம் வெளிறிப் போய், கோடு கோடாக வரும். மேட் தாளுக்கு மேட் என்றும் ஆர்சிக்கு கிளாஸி வரிசையில் ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். வேறு கம்பெனித் தாளானால் பட்டியலில் இரண்டு மூன்று பெயரை மாற்றி மாற்றி சோதனைப் பட்டையில் அச்சிட்டுப் பாருங்கள். எது சரி என்று கண்ணே சொல்லிவிடும். குவாலிட்டி ஹை. பக்கத்தின் கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் இருக்கட்டும்.

பக்கத்தின் ஓரங்களில் மட்டும் மை தேய்ந்த கறை வருகிறதா? தாள் சுருண்டு பிரிண்ட் ஹெட்டில் உரசுகிறது. எதிர்ப்பக்கமாக மெதுவாக வளைத்துச் சமன் செய்து, ஒவ்வொரு தாளாகச் சொருகுங்கள். பல பிரிண்டர்களில் கனத் தாளுக்கென்று ஒரு டிக் இருக்கும், அதையும் போடுங்கள். பார்டர்லெஸ் போடும்போது பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும். எழுத்தையும் முகத்தையும் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே வையுங்கள்.

அச்சான பிறகு

இங்கே அவசரப்பட்டால் அத்தனை உழைப்பும் வீண். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மையில் உள்ள மெதுவாக ஆவியாகும் திரவம் தாளுக்குள் இன்னும் இருக்கும். உடனே பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டால் அது வெளியேற வழியில்லாமல் பாக்கெட்டின் உள்பக்கம் பனி மாதிரி படியும். ஆர்சி தாளில் இது அதிகம். 15 நிமிடம் திறந்து வைத்து, பிறகு மேலே ஒரு ஜெராக்ஸ் தாளை விரித்து ஒரு நாள் முழுதும் விடுங்கள். அந்த ஜெராக்ஸ் தாள் நெளிந்திருந்தால் இன்னொன்று மாற்றி இன்னொரு நாள். ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அச்சிடாத தாளையும் அந்த மாதங்களில் திறந்து போடாதீர்கள். வேண்டிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அதன் கவரோடு ஜிப் பையில் போட்டு, படுக்கை வாட்டில் வையுங்கள். நிற்க வைத்தால் வளையும்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை வேண்டாம். அதுவும் தண்ணீர்தான், மேட் தாளை நெளிய வைக்கும். ஆர்சியிலோ உறிஞ்ச இடமில்லாமல் காயவே நாளாகும். அமிலமற்றது என்று போட்ட டபுள் சைடு டேப் போதும்.

பாக்கெட் வாங்கும்போது பிவிசி வேண்டாம். மோந்து பார்த்தால் புது ஷவர் கர்ட்டன் வாசனை வருவது அதுதான், நாளாக நாளாகப் படத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். அடித்தாளிலும் அமிலமற்றது, லிக்னின் இல்லாதது என்ற இரண்டு குறிப்புகளைத் தேடுங்கள். லிக்னின் மரத்தில் இயற்கையாக இருக்கும் பொருள். பழைய செய்தித்தாள் பழுப்பேறுவது அதனால்தான். ஐஎஸ்ஓ 9706 என்று போட்டிருந்தால் அது நீண்டகாலத் தாளுக்கான தரம், தாராளமாக நம்பலாம்.

டை மைக்கு இரண்டு எதிரிகள்: வெயில், காற்றில் உள்ள ஓசோன். துவாரமுள்ள பூச்சு மையை வேகமாக உறிஞ்சும், அதே துவாரத்தின் வழியே காற்றும் உள்ளே வந்து போகும். ஒரே படத்தை இரண்டு தாளில் அச்சிட்டு, பாதியை அட்டையால் மூடி, மேற்குப் பார்த்த எங்கள் பால்கனிக் கண்ணாடியில் மாசியில் ஒட்டினேன். ஆனியில் அட்டையை எடுத்தபோது விலை குறைந்த கிளாஸியில் மூடாத பாதி நன்றாக வெளுத்திருந்தது. மேட் தாளில் வெளுப்பு குறைவு, ஆனால் இருந்தது. சுவரில் மாட்டும் பக்கமென்றால் கண்ணாடி போட்ட ஃப்ரேம், வெயில் விழாத சுவர். ஆல்பத்துக்குள் மூடி வைத்தால் வெளிச்சமும் காற்றும் அதிகம் படாமல் அது நெடுநாள் தாங்கும். கோப்பையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் அதன் பின்பக்கம் மூலையில் 2பி பென்சிலால் நாலு சொல் எழுதுகிறேன்: தாளின் பெயர், ஜிஎஸ்எம், பேப்பர் டைப் செட்டிங், மாதம். ஆர்சியின் பின்பக்கத்தில் பென்சில் பிடிக்காது, அதற்கு ஒரு சிறு சீட்டில் எழுதி ஒட்டிவிடுவேன். அப்பாவின் ஆல்பத்தில் 17-ஆவது பக்கத்தில் போன வருடம் யாரோ பாயசம் சிந்திவிட்டார்கள். பின்பக்கம் திருப்பிப் பார்த்து, அதே 220 மேட்டை எடுத்து, அதே செட்டிங்கில் திரும்ப அச்சிட்டேன். பழைய பக்கத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பாட்டியின் புடவை அதே நிறத்தில் வந்திருந்தது.